கிட்டப்பார்வையுள்ள இளையோரின் விழித்திரைப் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஆராய்தல்: பயனும் வரம்பும்

ஆய்வுச்சுருக்கம்

கிட்டப்பார்வை கண்ணாடியால் சரிசெய்யப்படும் எளிய குறை என்று கருதப்படுகிறது. விழிக்கோளம் நீள்வதால் விழித்திரையில் ஏற்படும் மாற்றங்களைக் கண்ணாடி நீக்குவதில்லை. அம்மாற்றங்களை விழியடிப் படங்களில் கண்டறியச் செயற்கை நுண்ணறிவு இன்று பயன்படுத்தப்படுகிறது. தமிழகக் கண் மருத்துவமனைகள் நீரிழிவு விழித்திரை நோய்க்காக இத்துறையில் பெற்ற பட்டறிவு உலகளவில் அறியப்பட்டது. நடுவயதினரின் படங்களைக் கற்று உருவான இக்கருவிகளை 18 முதல் 28 வயது வரையுள்ள இளையோரின் கண்ணுக்கு அப்படியே பொருத்த இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒருமுறை எடுத்த படத்தின்மீது தீர்ப்பு வழங்குவதைக் காட்டிலும், ஒரே கண்ணில் காலப்போக்கில் நிகழும் மாற்றத்தை அளப்பதிலேயே இத்தொழில்நுட்பத்தின் பயன் மிகுதி என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கிட்டப்பார்வை, விழித்திரை, விழியடிப் படம், செயற்கை நுண்ணறிவு, ஆழ்கற்றல், இளையோர் கண்நலம்

1. முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகரில், ஆவடியை அடுத்துள்ள முத்தாபுதுப்பேட்டை விமானப்படை நிலையத்தை ஒட்டிய பகுதியாகும். அங்கும் ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் வட்டாரங்களிலும் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகள் பல உள்ளன. இங்குப் பயிலும் இளையோரின் பகற்பொழுதில் பெரும்பகுதி வகுப்பறையிலும் கணினிக்கூடத்திலும் கழிகிறது. இரவுப்பொழுதில் ஒரு பகுதி கைப்பேசித் திரையின் முன் கழிகிறது. அண்மைப் பார்வை மிகுந்து, வெளிச்சூழலில் செலவிடும் நேரம் குறைந்த இத்தகைய வாழ்க்கைமுறை கிட்டப்பார்வையோடு தொடர்புடையது எனக் கண் மருத்துவ ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன.

2016-இல் பிரையன் ஹோல்டனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2050-இல் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப்பேர் கிட்டப்பார்வை உடையவராக இருப்பர். பத்தில் ஒருவருக்கு அது மிகைநிலையை எட்டியிருக்கும். தமிழ்நாட்டில் நகர, புறநகரப் பள்ளி மாணவரிடையே சங்கர நேத்ராலயா மேற்கொண்ட ‘ஸ்டெம்’ ஆய்வு இச்சிக்கல் நம் மண்ணிலும் கவனத்துக்குரியது என்பதை உணர்த்தியது. பள்ளிப் பருவத்தில் கண்ணாடி அணிந்தவர்களே சில ஆண்டுகளில் கல்லூரிக்கு வருகின்றனர். பள்ளிகளில் கண் பரிசோதனைத் திட்டங்கள் உண்டு. நாற்பதைக் கடந்தோர்க்கு நீரிழிவு, கண்புரை முகாம்கள் உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இளையோர் எந்தத் திட்டத்திலும் இயல்பாக இடம்பெறுவதில்லை. இவ்விடைவெளியைப் படக்கருவியும் செயற்கை நுண்ணறிவும் நிரப்பக்கூடுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

2. கண்ணாடி திருத்துவதும் திருத்தாததும்

இயல்பான கண்ணில் ஒளிக்கதிர்கள் விழித்திரையின்மீதே குவிகின்றன. கிட்டப்பார்வையில் அவை விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுகின்றன. பெரும்பாலோரிடம் இதற்குக் காரணம் விழிக்கோளம் முன்பின்னாக நீள்வதாகும். வளர்ந்தவரின் கண் அச்சு நீளம் சராசரியாக 23.5 மில்லிமீட்டர். அது ஒரு மில்லிமீட்டர் கூடினால் பார்வைத்திறன் ஏறத்தாழ 2.5 டையாப்டர் அளவுக்குக் கிட்டப்பார்வையை நோக்கி நகரும். −0.50 டையாப்டரும் அதற்கு மேலும் கிட்டப்பார்வை எனவும், −6.00 டையாப்டரும் அதற்கு மேலும் மிகைக் கிட்டப்பார்வை எனவும் பன்னாட்டுக் கிட்டப்பார்வை நிறுவனம் 2019-இல் வரையறுத்தது.

கண்ணாடியும் தொடுவில்லையும் குவியும் புள்ளியை விழித்திரைமீது கொண்டுவருகின்றன. லேசிக் முதலிய லேசர் சிகிச்சைகள் கருவிழியின் வளைவை மாற்றி அதே பணியைச் செய்கின்றன. இவற்றுள் எதுவும் நீண்ட விழிக்கோளத்தைச் சுருக்குவதில்லை. −8.00 டையாப்டர் உடைய இளைஞர் லேசர் சிகிச்சைக்குப்பின் கண்ணாடியின்றித் தெளிவாகப் பார்க்கலாம். ஆயினும் அவருடைய விழித்திரை முன்பிருந்தவாறே இழுபட்டு மெலிந்த நிலையில்தான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றியவுடன் கண் மருத்துவரிடம் செல்வதையும் நிறுத்திவிடும் வழக்கம் இதனால் இடர் மிக்கதாகிறது. பார்வைப் பலகையில் கடைசி வரியைப் படித்துவிடுவது விழித்திரை நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

கிட்டப்பார்வை பதின்பருவத்தோடு நின்றுவிடும் என்ற எண்ணமும் மறுபரிசீலனைக்குரியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ‘ரெயின்’ ஆய்வு 20 வயதினரை 28 வயதுவரை பின்தொடர்ந்தது. தொடக்கத்தில் கிட்டப்பார்வை இல்லாதிருந்தோருள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர்க்கு இந்த எட்டு ஆண்டுகளுக்குள் அது தோன்றியது என 2022-இல் வெளியான அதன் முடிவு கூறுகிறது. கல்லூரிப் பருவம் கண்ணின் மாற்றம் ஓய்ந்த பருவமன்று என்பதற்கு இது தெளிவான சான்று.

3. விழியடிப் படத்தில் காணும் குறிகள்

கண்மணியின் வழியே விழிக்கோளத்தின் பின்சுவரைப் படமெடுப்பதே விழியடிப் படம். விழித்திரை, அதன் குருதிக்குழாய்கள், பார்வை நரம்பு வெளியேறும் தட்டு, நுண்பார்வைக்குரிய மாக்குலா ஆகியவை அதில் தெரியும். கிட்டப்பார்வை மிகும்போது படத்தில் தோன்றும் மாற்றங்களுள் சில வருமாறு:

அ. நரம்புத் தட்டின் ஓரத்தில் பிறைவடிவில் வெளிறிய பகுதி உருவாதல்.

ஆ. நரம்புத் தட்டு ஒருபுறம் சாய்ந்து நீள்வட்டமாகத் தெரிதல்.

இ. விழித்திரையின் நிறமிப் படலம் மெலிவதால், அதன் அடியிலுள்ள குருதிக்குழாய்ப் படலம் வரிவரியாகப் புலப்படுதல். இதனை வரிக்கோல விழித்திரை எனலாம்.

ஈ. குருதிக்குழாய்ப் படலமும் விழித்திரையும் நலிந்து, மஞ்சள் நிறப் பரவலாகவோ வெண்திட்டுகளாகவோ தோன்றுதல்.

2015-இல் கியோக்கோ ஓனோ-மாட்சுய் தலைமையிலான பன்னாட்டுக் குழு இம்மாற்றங்களை ஐந்து படிகளாக வகைப்படுத்தியது. மாற்றமின்மை சுழியம், வரிக்கோலம் முதற்படி, பரவல் நலிவு இரண்டாம் படி, திட்டு நலிவு மூன்றாம் படி, மாக்குலா நலிவு நான்காம் படி. இரண்டாம் படியும் அதற்கு மேற்பட்டவையும் நோய்நிலைக் கிட்டப்பார்வையாகக் கொள்ளப்படுகின்றன. இளையோரிடம் மிகுதியாகக் காணப்படுபவை சுழியமும் முதற்படியுமே. இங்குக் கண்டறிய வேண்டியது முற்றிய நோயை அன்று, அதன் முன்குறியை. பின்வரும் பகுதிகளின் வாதம் இந்த உண்மையைச் சார்ந்தே அமைகிறது.

4. பொறி படத்தைக் கற்கும் முறை

எண்முறைப் படம் என்பது கணினிக்கு எண்களின் அணி. ஆழ்கற்றல் வலையமைப்பு அவ்வெண்களைப் பல அடுக்குகளின் வழியே செலுத்துகிறது. முதலடுக்குகள் விளிம்பு, நிறவேறுபாடு போன்ற எளிய கூறுகளைப் பிரித்தறிகின்றன. பின்னடுக்குகள் அவற்றை இணைத்துக் குழாய், தட்டு, திட்டு முதலிய வடிவங்களை அடையாளம் காண்கின்றன. மருத்துவர் ஒவ்வொரு படத்துக்கும் இட்ட குறியீட்டோடு வலையமைப்பின் விடை ஒப்பிடப்படுகிறது. பிழையின் அளவுக்கேற்ப உள் எடைகள் திருத்தப்படுகின்றன. பல்லாயிரம் படங்களின்மீது இச்செயல் திரும்பத் திரும்ப நிகழ்வதே பயிற்சி. ஆகவே பொறியின் அறிவு, அது கண்ட படங்களின் எல்லைக்குள் அடங்கியது. யாருடைய கண்களை அது கற்றது என்ற வினா தொழில்நுட்ப வினா மட்டுமன்று. அது மருத்துவ வினாவும் ஆகும்.

5. நீரிழிவு விழித்திரை நோயில் தமிழகத்தின் பட்டறிவு

1976-இல் மதுரையில் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1978-இல் சென்னையில் எஸ். எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் இத்துறையின் உலக வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியும் வலையமைப்பை வெளியிட்டபோது, அதற்குப் பயிற்சியளித்த 1,28,175 படங்களில் அமெரிக்கப் படங்களோடு இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. 2019-இல் வெளியான ஆய்வில் அக்கருவி அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதிக்கப்பட்டது. நோயுள்ள கண்ணைத் தவறவிடாத உணர்திறன் அரவிந்தில் 88.9 விழுக்காடு, சங்கர நேத்ராலயாவில் 92.1 விழுக்காடு, நோயற்ற கண்ணை நோயற்றது என்றே கூறும் குறிப்புத்தன்மை முறையே 92.2, 95.2 விழுக்காடு. பயிற்சி பெற்ற மருத்துவர்களின் மதிப்பீட்டுக்கு இது ஈடாகவோ மேலாகவோ இருந்தது.

2018-இல் வெளியான ஆய்வொன்றில், சென்னையில் டாக்டர் மோகன் நீரிழிவு மையத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் திறன்பேசியோடு இணைந்த விழியடிப் படக்கருவியையும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளையும் சேர்த்துச் சோதித்தனர். பெரிய மருத்துவமனையின் விலைமிக்க கருவி இன்றியும் இப்பணி நிகழக்கூடும் என்பதை அது காட்டிற்று. கல்லூரி வளாகத்தில் மாணவர்களின் விழித்திரையைப் படமெடுப்பது இன்று கற்பனையன்று என்று கூறுவதற்கு இதுவே அடிப்படை.

மறுபக்கப் பாடமும் உண்டு. தாய்லாந்து மருத்துவ நிலையங்களில் கூகுளின் கருவி பயன்படுத்தப்பட்டதைக் குறித்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தரக்குறைவு என்று பொறி ஒதுக்கியது தெரியவந்தது. போதிய இருள் இல்லாத அறையும் நெரிசலும் அதற்குக் காரணங்களாயின. ஆய்வகத்தில் கிடைத்த துல்லியம் முகாமிலும் கிடைக்கும் எனக் கொள்ளலாகாது.

6. கிட்டப்பார்வையை முன்வைத்த ஆய்வுகள்

அவினாஷ் வரதராஜன் முதலானோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு வியப்பைத் தந்தது. விழியடிப் படத்தை மட்டும் கொண்டு ஒருவரின் கண்ணாடி எண்ணைப் பொறி ஊகித்தது. பிரித்தானிய உயிர்வங்கிப் படங்களில் அதன் சராசரிப் பிழை 0.56 டையாப்டர் மட்டுமே. மாக்குலாவின் நடுக்குழிப் பகுதியையே பொறி பெரிதும் உற்றுநோக்கியது என்பதும் தெரியவந்தது. மருத்துவர் கண்ணுக்குப் புலப்படாத செய்தி படத்தில் பொதிந்துள்ளது என்பதை இது நிறுவியது.

2019-இல் குவாங்சௌவின் சோங்ஷான் கண் மருத்துவ மையத்துப் படங்கள் 1,200 கொண்டு ‘பாம்’ என்னும் போட்டி நடத்தப்பட்டு, நோய்நிலைக் கிட்டப்பார்வையைக் கண்டறியும் வழிமுறைகள் பொதுவாக ஒப்பிடப்பட்டன. 2021-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பல நாடுகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு கிட்டப்பார்வை மாக்குலா நலிவையும் மிகைக் கிட்டப்பார்வையையும் கண்டறியும் கருவிகளை வெளியிட்டனர். அதே ஆண்டில் பெய்ஜிங் கண் ஆய்வின் படங்களிலிருந்து, வரிக்கோலம் விழித்திரையில் எவ்வளவு அடர்த்தியாகப் பரவியுள்ளது என்பதை எண்ணாக அளக்கும் முறையும் உருவாயிற்று. இதனால் அக்குறி அளந்து ஒப்பிடத்தக்க மாறியாக மாறியது. இளையோரைப் பொறுத்தவரை இம்மாற்றமே மற்ற எல்லாவற்றினும் முதன்மையானது.

7. இளையோர் கண்ணில் பொறி தடுமாறும் இடங்கள்

முதலாவது, வயது. பிரித்தானிய உயிர்வங்கி 40 முதல் 69 வயதினரைத் தேர்ந்தெடுத்தது. நீரிழிவுத் திட்டங்களின் படங்களும் பெரும்பாலும் நடுவயதினருடையவை. இளையோர் விழித்திரையின் மேற்பரப்பு பளபளப்பானது. ஒளி பட்டதும் குழாய்களின் ஓரத்திலும் மாக்குலாவைச் சுற்றியும் வெண்மினுக்கம் தோன்றும். முதியோர் படங்களை மட்டும் கற்ற பொறி இம்மினுக்கத்தை நோய்த்திட்டாகக் கொள்ளும் வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, நரம்புத் தட்டு. சாய்ந்த தட்டும் பிறைவடிவ வெளிறலும் குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயின் தோற்றத்தை ஒத்திருக்கக்கூடும். நலமான கிட்டப்பார்வைக் கண் குளுக்கோமா என்று குறிக்கப்படலாம். உண்மையான குளுக்கோமா ‘இது கிட்டப்பார்வையின் தோற்றமே’ என்று ஒதுக்கப்படவும் கூடும். கிட்டப்பார்வை குளுக்கோமாவுக்கான இடர்க்காரணியும் ஆதலால் இச்சிக்கல் இருமுனைக் கத்தி போன்றது.

மூன்றாவது, நிறமி. விழியடியின் நிறம் இனக்குழுவுக்கு இனக்குழு வேறுபடும். நிறமி மிகுந்த கண்ணில் வரிக்கோலத்தின் தோற்றமும் மாறுபடும். வேறொரு மக்கட்குழுவில் வகுத்த எல்லையெண்ணைத் தமிழக இளையோர்க்கு ஆய்வின்றிப் பொருத்துவது முறையாகாது.

நான்காவது, உருப்பெருக்கம். நீண்ட கண்ணில் எடுத்த படத்தில் நரம்புத் தட்டு அதன் உண்மை அளவினும் சிறிதாகத் தெரியும். அச்சு நீளத்தை அளந்து திருத்தாமல் படப்புள்ளிகளை எண்ணிப் பரப்பைக் கணக்கிடும் வழிமுறை, கிட்டப்பார்வை மிக மிகப் பிழையையும் மிகுவிக்கும்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் இன்றியமையாதது: விளிம்பு. வழக்கமான படக்கருவி 45 பாகை அளவே விழியடியின் நடுப்பகுதியைக் காட்டும். இளையோரின் கிட்டப்பார்வையில் விழித்திரைக் கழற்சிக்கு வழிவகுக்கும் வலைபோன்ற மெலிவும் கிழிசலும் துளைகளும் விளிம்புப் பகுதியில் அமைகின்றன. படத்தில் இல்லாத ஒன்றை எத்துணைச் சிறந்த பொறியும் காண இயலாது. எனவே ‘இயல்பு’ என்னும் விடை படத்தின் எல்லைக்கு மட்டுமே பொருந்தும். கண்மணியை விரிவாக்கி மருத்துவர் மேற்கொள்ளும் விளிம்புப் பரிசோதனைக்கோ, 200 பாகை வரை காட்டும் அகலப் படக்கருவிக்கோ அவ்விடை மாற்றாகாது. கண்ணில் மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், திரை விழுந்தாற்போன்ற மறைப்பு ஆகியவை தோன்றினால், பொறியின் விடை எதுவாயினும் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

8. எண்கள் உணர்த்தும் பாடம்

துல்லியம் உயர்ந்த கருவிகூட நோய் அரிதான கூட்டத்தில் மாறுபட்டு நடந்துகொள்ளும். இதனை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். உணர்திறனும் குறிப்புத்தன்மையும் 90 விழுக்காடாக உள்ள கருவி ஒன்றைக் கொள்வோம். நீரிழிவு மருத்துவமனையில் 1,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களுள் 200 பேருக்கு நோய் உண்டு எனக் கொண்டால், கருவி 180 பேரைச் சரியாகவும் 80 பேரைத் தவறாகவும் குறிக்கும். குறிக்கப்பட்ட 260 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் உண்மையில் நோயுள்ளோர்.

அதே கருவியைக் கல்லூரியில் 1,000 மாணவரிடம் பயன்படுத்துகிறோம்; 20 பேருக்கே மாற்றம் உண்டு எனக் கொள்வோம். கருவி 18 பேரைச் சரியாகக் கண்டறியும். 98 பேரைத் தவறாகக் குறிக்கும். மேற்பரிசோதனைக்கு அனுப்பப்படும் 116 பேரில் உண்மையில் மாற்றமுள்ளோர் ஆறில் ஒருவர்க்கும் குறைவு. ஏனையோர் தேவையற்ற அச்சத்தோடும் செலவோடும் மருத்துவமனைக்குச் செல்ல நேரும். குறிப்புத்தன்மையை 97 விழுக்காடாக உயர்த்தினால் தவறான குறிப்புகள் 98-இலிருந்து ஏறத்தாழ 29-ஆகக் குறையும். நீரிழிவுத் திட்டத்தில் ஏற்கத்தக்க எல்லையெண் கல்லூரித் திட்டத்தில் ஏற்கத்தக்கதன்று என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

9. தீர்ப்பினும் தொடர் அளவீடு

மேற்கண்ட இடர்ப்பாடுகளுள் பல, ஒரு கண்ணை மற்றவர் கண்களோடு ஒப்பிடுவதால் விளைபவை. அதே கண்ணை ஓராண்டுக்கு முன்னிருந்த அதன் நிலையோடு ஒப்பிடும்போது நிறமி, தட்டின் பிறவிச் சாய்வு, இனக்குழு வேறுபாடு ஆகியவை இருபடங்களிலும் பொதுவாகிவிடுகின்றன. எஞ்சி நிற்பது மாற்றம் மட்டுமே. பிறைவடிவ வெளிறல் அகன்றதா, வரிக்கோலம் அடர்ந்ததா, மாக்குலாவை நோக்கி நகர்ந்ததா என்பவை மனிதக் கண் எளிதில் தவறவிடும் நுண்மாற்றங்கள். படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அளக்கும் பொறிக்கோ இது இயல்பான பணி.

பொறியியல் பட்டப்படிப்பு நான்காண்டு நிகழ்வதால் பொறியியல் கல்லூரி இதற்கேற்ற களமாகும். முதலாண்டில் அடிப்படைப் படம், கண்ணாடி எண், அச்சு நீளம் ஆகிய மூன்றையும் பதிவுசெய்து, ஆண்டுதோறும் அதே வகைக் கருவியால், அதே ஒளிநிலையில் மீண்டும் எடுத்தால், நான்கு புள்ளிகள் கொண்ட வரலாறு ஒவ்வொரு மாணவர்க்கும் கிடைக்கும். −6.00 டையாப்டரைக் கடந்தோரையும், குடும்பத்தில் விழித்திரைக் கழற்சி நிகழ்ந்தோரையும் பொறியின் விடைக்குக் காத்திராமல் விளிம்புப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். பொறியியல் துறையினர் வழிமுறையை வகுக்கலாம். படத்துக்குக் குறியீடிடுவதும் முடிவைச் சரிபார்ப்பதும் கண் மருத்துவர், பார்வையியலர் பொறுப்பாக இருத்தல் வேண்டும். இக்கூட்டுப்பணி இன்றி, இணையத்தில் கிடைக்கும் படத்தொகுப்பில் உயர்ந்த துல்லியம் காட்டும் ஆய்வுகள் நம் மாணவரின் கண்ணுக்கு உதவப்போவதில்லை.

10. படம் யாருக்கு உரியது?

2018-இல் ரையன் பாப்ளின் முதலானோர் விழியடிப் படத்திலிருந்து ஒருவரின் வயதையும் பாலினத்தையும் குருதியழுத்தத்தையும் பொறி ஊகிக்க இயலும் எனக் காட்டினர். குருதிக்குழாய்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் விழித்திரை ஓர் அடையாளச் சான்றுமாகும். பெயரை நீக்கிவிட்டால் படம் பெயரற்றதாகிவிடும் என்ற எண்ணம் இங்குப் போதாது.

விமானப்படை நிலையத்தின் அருகே பயிலும் மாணவருள் படைப்பணியை விழைவோர் இருப்பது இயல்பு. படைப்பணி, ரயில் ஓட்டுநர் பணி முதலியவற்றுக்குப் பார்வைத்தகுதி வரையறைகள் உண்டு. நலம் பேணுவதற்காகத் திரட்டிய கண் பதிவு, உரியவர் அறியாமல் பணியமர்த்துவோரிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ சென்றால், பரிசோதனைக்கு வந்தவரே அதனால் இழப்புக்கு உள்ளாவார். அச்சம் பரவினால் பரிசோதனை மிகவும் தேவைப்படுவோரே அதனைத் தவிர்ப்பர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு அறநெறி வழிகாட்டுதல்களும், அதே ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை வலியுறுத்துகின்றன. மாணவரிடம் ஆசிரியர் கேட்கும் ஒப்புதல் முழுமையாகத் தன்விருப்பமானதா என்பது ஐயத்துக்குரியது. ஆகவே வகுப்பு ஆசிரியர் அல்லாத ஒருவர், மாணவர்க்குப் புரியும் தமிழில் விளக்கி ஒப்புதல் பெறுவதும், எந்நேரமும் விலகும் உரிமையை எழுத்தில் தருவதும் வேண்டும்.

முடிவுரை

செயற்கை நுண்ணறிவு விழித்திரைப் படத்தைப் படிக்கவல்லது என்பதைத் தமிழக மருத்துவமனைகளின் நீரிழிவுப் பட்டறிவு நிறுவியுள்ளது. கிட்டப்பார்வையுள்ள இளையோரிடம் வயது, நரம்புத் தட்டின் தோற்றம், நிறமி, உருப்பெருக்கம், விளிம்பு ஆகிய ஐந்து நிலைகளில் அக்கருவி தடுமாறக்கூடும். நோய் அரிதான கூட்டத்தில் தவறான எச்சரிக்கைகள் பெருகும். படத்தின் நடுப்பகுதி இயல்பாக இருப்பது விழித்திரை முழுமைக்கும் உறுதி தராது. இவ்வரம்புகளை உணர்ந்து, தீர்ப்பளிக்கும் கருவியாக அன்றி மாற்றத்தை அளக்கும் கருவியாக இதனைக் கையாண்டால், பள்ளி முகாமுக்கும் நடுவயது முகாமுக்கும் இடையே விடுபட்டுள்ள இளையோர்க்கு இது உண்மையான பயனைத் தரும். தமிழக இளையோரின் படங்களைக் கொண்டு, அவர்தம் முழு ஒப்புதலோடு, பல ஆண்டுகள் தொடரும் ஆய்வுகளைக் கல்லூரிகளும் கண் மருத்துவமனைகளும் இணைந்து தொடங்குவதே அடுத்து ஆகவேண்டிய பணி.